ஆறு டின் மணல்

காருக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று தீர்மானிப்பதற்கு மன்னாரில் ஒரு அரசாங்கக் கந்தோர் இருக்கிறது என்பது பஸ்ரியனுக்கு முப்பத்திரண்டு வயதுவரை தெரியாது. தெரியாமலேயே அவன் பாடசாலை முடித்தான், தொழில்நுட்பக் கல்லூரியில் குளிரூட்டல் படித்து டிப்ளோமா எடுத்தான், ஐஸ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான், பெற்றிசியாவைக் கலியாணம் செய்தான், ஒரு பழைய மொறிஸ் மைனர் வாங்கினான், போன மார்ச் மாதம் பெற்றிசியாவை அடக்கம் செய்தான். இவ்வளவையும் தன் உதவி இல்லாமல் ஒரு மனிதன் செய்து முடித்திருக்கிறான் என்பதைப் பிற்பாடு அந்தக் கந்தோர் நம்ப மறுத்தது.

பெற்றிசியா இறந்தது இப்படி. தலைமன்னார் வீதியில் ஒரு கழுதை நின்றது. மன்னார்த் தீவில் கழுதை நிற்பது புதினம் இல்லை. பஸ்ரியன் வெட்டித் திருப்பினான். கார் வீதியை விட்டு இறங்கி, உருண்டு, நாலு சில்லும் வானத்தைப் பார்க்கக் கிடந்தது. கூரை அவள் பக்கம் பதிந்தது. அவன் பக்கம் பதியவில்லை. கழுதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன் பிறகு ஐந்து வயது மகள் லூசியா தலைமன்னாரில் பெரியம்மாவோடு இருந்தாள். பெரியம்மா என்றால் பெற்றிசியாவின் அக்கா அன்ரோனெற். தபால் கந்தோரில் இருபது வருடமாகக் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறவர். பஸ்ரியன் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கிற பாலத்துக்கு இந்தப் பக்கம், உயிலங்குளத்தில், வயல்களுக்கு நடுவில் ஒரு வீட்டில் தனியே இருந்தான். ஞாயிறு தோறும் பஸ்ஸில் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவான். ஆடி மாதம் தொடங்கி, திரும்பும்போது அவள் ஒரு பழைய பால்மா டின்னில் கடற்கரை மணலை நிரப்பி, மூடியை இறுக்கி, அவன் கையில் கொடுப்பாள்.

"அப்பா வீட்டில கடல் இல்லைத்தானே," என்பாள்.

அவன் வாங்கிக்கொள்வான். மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். அவனிடம் காரணங்கள் தீர்ந்து போயிருந்தன. குசினியில், அடுப்புக்கு மேல் தட்டில், பதினாலு டின் மணல் வரிசையாக நின்றது.

ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு அவன் அன்ரோனெற்றிடம் விஷயத்தைச் சொன்னான்.

"ஜனவரியில பிள்ளைக்கு முதலாம் வகுப்பு, மச்சாள். உயிலங்குளத்தில சேர்க்கப்போறன். கூட்டிக்கொண்டு போறன்."

"எதில?"

அவன் மணல் டின்னை மற்றக் கைக்கு மாற்றினான்.

"சொல்லுங்கோவன். இண்டைக்குப் பஸ்ஸில கூட்டிக்கொண்டு போவீங்கள். நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு எதில?"

"பள்ளிக்கூடம் மூண்டு கட்டை தூரம். காலமை பஸ் இல்லை."

"அப்ப உந்தக் காரில. என்ர தங்கச்சியை ஏத்தின காரில."

"கூரையைத் தட்டி எடுத்துப்போட்டன். உள்ளுக்கு றோல் பார் போடப்போறன்."

"அது என்ன சாமான்?"

"தடிச்ச இரும்புக் குழாய். வளைச்சு, முன் சீற்றுக்குப் பின்னால, கூரையோட ஒட்டி நிப்பாட்டுறது. கார் பிரண்டாலும் கூரை பதியாது."

"ஆர் சொன்னது?"

"நான் கணக்குப் பார்த்தனான்."

"உங்கட கணக்கு எனக்குக் காணாது, பஸ்ரியன். அரசாங்கம் சொல்லோணும். இந்தப் பிள்ளை இந்தக் காரில போகலாம் எண்டு ஒரு கடிதம் கொண்டுவாங்கோ. முத்திரை இருக்கோணும். பிள்ளையைத் தாறன்."

கோபத்தில் சொன்னதாக இருந்தால் அவன் வாதாடியிருப்பான். அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை.

றோல் பாரை அவன் வீட்டு முற்றத்திலேயே செய்தான். வெல்டிங் செற்றும் காஸ் விளக்கும் அப்துல் றசாக் கொண்டுவந்தார். உழவு இயந்திரங்கள் திருத்துகிறவர். தீவுக்கும் பெருநிலத்துக்கும் பொதுவான ஆள். இரண்டு அங்குலக் குழாயை வெறுமனே சூடாக்கி வளைத்தால் முழங்கால் மடிந்ததுபோல் மடிந்துவிடும். மடிந்த குழாய் கூரையைத் தாங்காது. ஆகவே ஒரு நுனியைக் கட்டையால் அடைத்து, உள்ளே காய்ந்த மணலை இறுக்கிப் போட்டு, மற்ற நுனியையும் அடைத்து, அதன் பிறகு சூடாக்க வேண்டும். மணல் குழாயை உள்ளேயிருந்து பிடித்துக்கொள்ளும்.

"மணலுக்கு எங்க போறது, தம்பி? குளக்கட்டு மண் சரிவராது," என்றார் றசாக்.

பஸ்ரியன் குசினிக்குள் போய் டின்களைக் கொண்டுவந்தான். தாச்சியில் வறுத்து ஈரம் போக்கினான். ஆறு டின் பிடித்தது.

பழைய உழவு இயந்திரச் சில்லைச் சுற்றிக் குழாய் செந்நிறமாக வளைந்து வந்தது. மடிப்பு ஒன்றும் இல்லை. றசாக் வளைவைத் தலைகீழாக நிறுத்தி, இரண்டு நுனிக் கட்டைகளையும் பிடுங்கினார்.

"சரி. பிடி, கவிட்டுக் கொட்டுவம்."

"இருக்கட்டும், நானா."

"என்ன இருக்கட்டும்? வேலை முடிஞ்சுது. மணலைக் கொட்டத்தானே வேணும்."

"இருக்கட்டும். மேல தகட்டை வைச்சு ஒட்டுங்கோ."

"பாரம் பத்துக் கிலோ கூடும்."

"கூடட்டும்."

றசாக் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு வெற்று டின்களைப் பார்த்தார். கண்ணாடியை முகத்துக்கு இறக்கிவிட்டு ஒட்டத் தொடங்கினார். பின்னேரம் இருவருமாகக் காரின் தரையில் துளை போட்டு, மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு வைத்து, எட்டு போல்ற் இறுக்கினார்கள். றசாக் வளைவைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். கார் ஆடியது. வளைவு ஆடவில்லை.

"இனி உனக்கு என்ன வேணும்?" என்றார்.

"கடிதம்," என்றான் பஸ்ரியன்.

கந்தோரின் பெயர் பிரதேச வாகனப் பொருத்துகை ஒழுங்காக்கல் கந்தோர். பெயர்ப்பலகை கந்தோரைவிட நீளம். 'கந்தோர்' என்ற சொல் பக்கத்து வீட்டு மதிலில் தொங்கியது. வேம்பின் கீழ் அரச ஜீப் ஒன்று சில்லுகள் பாதி புதைந்து நின்றது. அதன் முன்பக்கத்தில் கொடிக்கம்பு பொருத்த விண்ணப்பித்து ஆறு வருடம் ஆகிறது. அனுமதி கிடைக்கும்வரை ஜீப் ஓடக்கூடாது. விண்ணப்பித்தவரும் அனுமதிக்க வேண்டியவரும் கந்தோரின் தலைவரான அத்தியட்சகர் இரத்தினம்தான். தன்னுடைய விண்ணப்பத்தில் தனக்கே சில சந்தேகங்கள் இருப்பதாக அவர் நாடா கட்டிய விண்ணப்பக் கோவையில் எழுதியிருந்தார்.

சுவரில் அனுமதிக்கப்பட்ட பொருத்துகைகளின் பட்டியல் தொங்கியது. ஒன்று: புனிதர் சுருவம் (சிலை) அல்லது சுவாமி படம், ஐந்து அங்குலத்துக்கு மேற்படாதது. இரண்டு: எலுமிச்சம்பழம். மூன்று: ஏனையவை, விண்ணப்பத்தின் பேரில்.

"பொருத்துகையின் பெயர்?" என்று கேட்டாள் எழுதுவினைஞர் இந்திராதேவி.

"றோல் பார்."

"தமிழில சொல்லுங்கோ."

"கார் பிரளும்போது ஆக்களைக் காக்கிற இரும்பு வளைவு."

"நீட்டாக் கிடக்கு. பெட்டிக்குள்ள அடங்காது." அவள் 'இரும்பு' என்று எழுதினாள். "நோக்கம்?"

"பிரண்டால் ஆக்கள் சாகாமல் இருக்க."

இந்திராதேவி பேனையை வைத்தாள். "அப்ப காரைப் பிரட்டுற எண்ணம் இருக்கு?"

"இல்லை, மிஸ்."

"எண்ணம் இல்லையெண்டால் உது தேவையில்லாத பொருத்துகை. தேவையில்லாததுக்கு அனுமதி இல்லை. எண்ணம் இருக்கெண்டால் பொலிசுக்கு அறிவிக்கோணும். எதை எழுத?"

"ஒருக்காப் பிரண்டது."

"அப்ப இரும்பு இருந்ததோ?"

"இல்லை."

"இரும்பு இல்லாமலே பிரண்டிருக்கு," என்று அவள் திருத்தமாகச் சொல்லி, 'பிரளுவதற்கு இரும்பு அவசியமில்லை' என்று எழுதி அடிக்கோடிட்டாள். பிறகு முந்தைய பிரளல்களுக்கான படிவத்தை எடுத்தாள். மற்றத் தரப்பின் பெயர்: கழுதை. முகவரி: மன்னார் தீவு. உடன் பயணித்தவரின் ஒப்பம் என்ற இடத்தில் அவள் நிமிர்ந்தாள். பஸ்ரியன் மரண அத்தாட்சிப் பத்திரத்தை மேசையில் வைத்தான்.

அவள் இரண்டு பக்கமும் புரட்டினாள். "இதில அவவின்ர கையெழுத்து இல்லையே."

"ஓம்."

"எப்ப எடுக்கலாம்?"

மார்ச் மாதத்திலிருந்து பெற்றிசியாவைப் பற்றி யாரும் பஸ்ரியனிடம் எதிர்கால வினைச்சொல்லில் பேசவில்லை.

"தெரியேல்லை, மிஸ்."

"சரி, பிறகு இணைக்கலாம்," என்று சொல்லி அவள் பத்திரத்தைக் குண்டூசியால் குத்தினாள்.

அத்தியட்சகர் இரத்தினம் அவனை உள்ளே அழைத்து, கதிரை காட்டி, மரியாதையாகப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. வேலை செய்கிற மனிதரும் இல்லை.

"தம்பி, நீர் படிச்ச பிள்ளை. உமக்கு விளங்கும். இந்தக் கந்தோர் துவங்கி ஒன்பது வருசம். ஒரு விண்ணப்பத்தைக்கூட நாங்கள் இதுவரைக்கும் நிராகரிச்சதில்லை."

"எத்தினைக்கு அனுமதி குடுத்தனீங்கள், சேர்?"

"அதுவும் இல்லை. நாங்கள் அவசரப்படுறதில்லை. வாகனம் எண்டது இண்டைக்கு ஓடும், நாளைக்குத் துருப்பிடிக்கும். மனிசரும் அப்படித்தான். கோவை அப்படியில்லை. ஒரு முடிவு எழுதினால் கோவை மூடப்படும். மூடின கோவையை ஆரும் திறந்து பார்க்கிறதில்லை. உம்மட மனைவியின்ர பெயர் உள்ள கோவையை நான் மூடுறதோ?"

பஸ்ரியனுக்கு அவர் சொன்னதில் ஏதோ ஒன்று சரியாக இருப்பதுபோல் பட்டது. அதுதான் அவனைப் பயப்படுத்தியது.

"ஜனவரிக்கு முந்திக் கடிதம் வேணும், சேர். மகளைக் கூட்டிக்கொண்டு வர."

"பரிசோதனைக்கு நாங்களே வாறம்," என்றார் இரத்தினம்.

அனுமதியில்லாத காரைக் கந்தோருக்கு ஓட்ட முடியாது. கந்தோர் ஜீப்பை எங்கேயும் ஓட்ட முடியாது. ஆகவே இரத்தினமும் இந்திராதேவியும் ஓட்டோவில் உயிலங்குளம் வந்தார்கள். அந்த ஓட்டோவுக்குள் மூன்று சுருவம், இரண்டு பாட்டுப்பெட்டி, ஒரு மின்விசிறி, குஞ்சம் வைத்த திரை எல்லாம் இருந்தன. இரத்தினம் திரையை விலக்கி இறங்கினார்.

அவர் காரை மூன்று தரம் சுற்றினார். உள்ளே குனிந்து, சாவிக்கொத்தால் வளைவைத் தட்டினார். மணி மாதிரிக் கேட்க வேண்டிய இரும்பு, மரம் மாதிரிக் கேட்டது. திரும்பத் தட்டினார்.

"உள்ளுக்கு என்ன?"

"மணல்."

"மணலோ?"

"ஆறு டின். வளைக்கிறதுக்குப் போட்டது, சேர். பிறகு எடுக்கேல்லை."

இரத்தினத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஒன்பது வருடம் எலுமிச்சம்பழம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"மிஸ், வேற கோவை திறவுங்கோ. தனியார் வாகனத்தில் அனுமதிப்பத்திரமின்றிக் கனிய மணல் கொண்டு செல்லல். தம்பி, எங்கத்தை மணல்?"

"தலைமன்னார்க் கரை."

"ஆர் அகழ்ந்தது?"

பஸ்ரியன் பொய் சொல்லியிருக்கலாம். பெற்றிசியா இருந்திருந்தால் காலில் மிதித்து அவனைப் பொய் சொல்ல வைத்திருப்பாள்.

"என்ர மகள்."

"வயது?"

"அஞ்சு."

"எவ்வளவு காலமாக இந்தத் தொழில்?" என்று கேட்டாள் இந்திராதேவி, எழுதிக்கொண்டே.

கடிதம் ஒன்பது நாளில் வந்தது. அந்தக் கந்தோரின் வரலாற்றில் அது ஒரு வேகம். தலைமன்னார் தபாற்பையில் அதை முதலில் கண்டவர் அன்ரோனெற்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ்ரியன் போனபோது அவர் அதை மேசையில் விரித்து வைத்திருந்தார்.

'செல்வி லூசியா பஸ்ரியன், மணல் அகழ்வாளர், தலைமன்னார். தாங்கள் எதிர்வரும் திங்கட்கிழமை முற்பகல் ஒன்பது மணிக்கு, குறித்த மணலின் அருகில் அமர்ந்தவாறு, குறித்த வாகனத்தில், இக்கந்தோருக்குச் சமுகமளித்தல் வேண்டும். இப்பயணத்துக்கு மாத்திரம் வாகனம் அனுமதிக்கப்படுகிறது.'

"என்ன பஸ்ரியன் இது? பிள்ளையைக் கள்ளி ஆக்கிப்போட்டினம்."

"நான் போய்க் கதைக்கிறன், மச்சாள். பிள்ளை வரத் தேவையில்லை."

அன்ரோனெற் கடிதத்தைத் திரும்ப வாசித்தார். பிறகு தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். முத்திரையைப் பார்த்தார். விளிம்பு தெளிவு, திகதி நேர், மை சமமாகப் பிடித்திருக்கிறது. இருபது வருடத் தொழில் அனுபவத்தில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"இந்தப் பிள்ளை இந்தக் காரில எண்டு இருக்குது," என்றார் மெதுவாக.

"ஓம்."

"முத்திரையும் இருக்குது."

"ஓம்."

"அப்ப நானும் வாறன்."

திங்கட்கிழமை விடிய அவன் காரைக் கொண்டுபோனான். அன்ரோனெற் முன் சீற்றில் ஏறினார். பெற்றிசியா இருந்த பக்கத்துச் சீற்றில். ஏறியவுடன் கையைப் பின்னால் விட்டு வளைவைப் பிடித்தார். மன்னார் வரும்வரை விடவில்லை. லூசியா பின்னால் இருந்து குழாயில் காதை வைத்தாள்.

"பெரியம்மா, இதுக்குள்ள என்ர மணலாம்."

"தெரியும், பிள்ளை. பேசாமல் இரு."

பாதிவழியில் கழுதைகள் குறுக்கே நின்றன. பஸ்ரியன் காரை நிறுத்தி எஞ்சினையும் நிறுத்தினான். அவை போனபிறகுதான் திரும்ப முடுக்கினான்.

விசாரணையில் லூசியாவுக்குக் கதிரை உயரமாக இருந்தது. தரையைத் தொடாத கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். இரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"மணலை ஏன் அகழ்ந்தனீர்?"

"அப்பா வீட்டில கடல் இல்லை."

"கடல் இன்மை காரணமாக," என்று இந்திராதேவி எழுதினாள்.

"என்ன உபகரணம் பாவிச்சனீர்?"

லூசியா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"எத்தினை டின்?"

"எனக்கு இருபதுமட்டும் எண்ணத் தெரியும்," என்றாள் அவள். "உங்களுக்கு?"

இரத்தினம் பதில் எழுத்தில் தரப்படும் என்றார்.

அவர் எழுந்து நின்று தீர்மானத்தை வாசித்தார். வெளியே நின்ற ஜீப்புக்கும் கேட்கும் குரலில் வாசித்தார்.

"பொருத்துகை பற்றிய முடிவு ஒத்திவைக்கப்படுகிறது. ஏனெனில் பொருத்துகைக்குள் மணல் உண்டு. மணலை எடுத்தால் பொருத்துகை சேதப்படும். பொருத்துகையே இந்த விசாரணையின் பிரதான சான்றாக இருப்பதால் அதைச் சேதப்படுத்தல் குற்றம். ஆகவே அகழ்வாளர் குறித்த மணலை, எடுத்த இடத்திலேயே, வாரம் ஒரு டின் வீதம் திருப்பி ஒப்படைத்து, ஒவ்வொரு ஒப்படைப்பையும் தலைமன்னாரிலிருந்து தபாலட்டை மூலம் அறிவித்தல் வேண்டும்."

"குழாயை வெட்டாமல் மணலை எப்படி எடுக்கிறது, சேர்?" என்றான் பஸ்ரியன்.

"அது இந்தக் கந்தோரின்ர விடயம் இல்லை." இரத்தினம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "கடைசிப் பந்தி இருக்கு. சான்றுகள் மூண்டு: வாகனம், மணல், அகழ்வாளர். இதுகள் ஆளுக்கொரு பக்கம் கிடந்தால் கோவை பலவீனப்படும். ஆகவே விசாரணை முடியும்வரை மூன்று சான்றுகளும் ஒரே முகவரியில், உயிலங்குளத்தில், திரு. பஸ்ரியனின் பொறுப்பில் வைக்கப்படல் வேண்டும். ஒப்படைப்புக்காகவும் அகழ்வாளரின் கல்விக்காகவும் மாத்திரம் வாகனம் ஓடலாம்."

இந்திராதேவி முத்திரையைக் குத்தினாள். பாதிதான் பதிந்தது. அன்ரோனெற் எழுந்துபோய் அவள் கையிலிருந்து முத்திரையை வாங்கினார். மைப்பெட்டியில் இரண்டு தரம் ஒற்றி, கடிதத்தை நேராக்கி, ஒரே குத்துக் குத்தினார்.

"இப்பிடிக் குத்தோணும்," என்றார்.

அன்றைக்கே லூசியாவின் உடுப்புப் பெட்டி காரில் ஏறியது.

ஞாயிறு தோறும் ஒப்படைப்பு நடந்தது. பஸ்ரியன் குழாயை வெட்டவில்லை. குசினித் தட்டில் மிச்ச எட்டு டின்னும், பிறகு சேர்ந்தவையும் இருந்தன. லூசியா தலைமன்னார்க் கரையில் ஒரு டின்னைக் கவிழ்த்துக் கொட்டுவாள். கொட்டியதும் டின் வெறுமையாகிவிடும். வெறும் டின்னோடு வீட்டுக்குப் போவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே அதே இடத்தில் திரும்ப நிரப்புவாள். பெரியம்மாவோடு சோறு தின்றுவிட்டுத் தபாலட்டை எழுதுவாள். முதலில் பஸ்ரியன் எழுதிக் கொடுத்தான். சித்திரை மாதம் அவளே எழுதினாள். திங்கட்கிழமை காலை அன்ரோனெற் குத்துகிற முதல் முத்திரை அந்த அட்டைக்குத்தான்.

வைகாசியில் கந்தோர் எழுதியது: 'ஆறு டின்களில் பத்தொன்பது டின்கள் திருப்பி ஒப்படைக்கப்பட்டமை அவதானிக்கப்பட்டது. மீதி மறை பதின்மூன்று (-13). மறை மணல் எங்கிருந்து வருகிறது என்பது பற்றி விசாரணை தொடரும். மரண அத்தாட்சிப் பத்திரத்தில் ஒப்பம் இன்னும் கிடைக்கவில்லை.'

பஸ்ரியன் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தான். பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"விசாரணை எப்ப முடியுமாம்?" என்று ஞாயிற்றுக்கிழமை அன்ரோனெற் கேட்டார், காரின் யன்னலில் கையை ஊன்றிக்கொண்டு.

"முடியாது, மச்சாள்."

"முடிஞ்சால் பிள்ளையை இஞ்ச கொண்டுவரோணும். சொல்லிப்போட்டன்."

"ஓம்."

"முடிய விடாதையுங்கோ," என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போனார்.

லூசியா நிரம்பிய டின்னை மடியில் வைத்து, முன்னால் நின்ற இரும்பை விரலால் தட்டினாள். அது மரம் மாதிரிக் கேட்டது. பஸ்ரியன் காரை எடுத்தான். ஒரு கட்டை தூரம் போனதும் வீதியில் கழுதை நின்றது. அவன் பிரேக்கில் காலை வைத்து, அது யோசித்து முடிக்கும்வரை இருந்தான். அவசரம் ஒன்றும் இல்லை. கோவை திறந்திருந்தது.